சமூகம்

திங்கட்கிழமை. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் வாசலில்
புங்க மரத்து நிழல் காம்பவுண்டுக்குள் திரும்பும் வரை
என் மடக்கு மேசைக்கு இடம் உண்டு.
மனுவுக்கு ஐம்பது ரூபாய்.
அழுதுகொண்டே சொன்னாலும் அதே விலை.

முதல் வரியை நான் எழுதுவதில்லை.
எனக்கு முன்பே, என் பேனாவுக்கும் முன்பே
அது அங்கே உட்கார்ந்திருக்கிறது:
மாவட்ட ஆட்சியர் சமூகத்திற்கு,
கீழ்க்கண்ட கைநாட்டுக்காரர் பணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

சமூகம் என்பது ஒரே ஓர் ஆள்.
வெள்ளை உடுப்பில், மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையோடு
டவாலி சம்பங்கி விறைத்து நடந்து வந்தால்
பின்னால் சமூகம் வருகிறது.
பட்டையின் பித்தளை வில்லையில் ஒரு காலம் கிரீடம் இருந்ததாம்.
இப்போது சிங்கங்கள்.
தேய்த்து விளக்குவது அதே புளியில்தான்.

இன்று கிட்டம்மா வந்தாள். மேல்தொட்டகல்.
தேன்கனிக்கோட்டையில் மாறி, ராயக்கோட்டையில் மாறி, மூன்றாவது பஸ்ஸில்.
தெலுங்கு பாதி, கன்னடம் பாதி, எனக்காகக் கொஞ்சம் தமிழ்.
ஆடு மேயும் பாறையை வெடி வைத்து எடுக்கிறார்கள்.
சுனையில் கல்மாவு.
உலை கொதிக்கும்போது சுவர் நடுங்கிச்
சோற்றில் மண் விழுகிறது.
எடுப்பது மிட்டா வீடு.

பாராமகாலைக் கம்பெனிக்காரன் கூறு போட்டு ஏலம் விட்டபோது
கடைசியாகக் கை தூக்கியவன் வீடு.
கொடி மாறிய ராத்திரி அங்கே
தையல்காரன் விடிய விடிய மெஷின் மிதித்தானாம்.
காலையில் வீட்டோடு கதர்.
மிட்டாவை ஒழித்த சட்டம் மலையேறி வருவதற்குள்
மாடு மேய்த்தவன் பேரில் பன்னிரண்டு ஏக்கர்,
அவனுக்கே தெரியாமல்.
இன்று பேரனிடம் மாங்கூழ் ஆலை, பள்ளிக்கூடம், குவாரி.
கறுப்புக் கல் கப்பலேறிப் போய்
சீமையில் கல்லறை வாசகம் தாங்குகிறது.
செத்த பிறகும் துரைக்குத் தலைமாட்டில்
நம்ம ஊர்தான் நிற்கிறது.

கிட்டம்மாவின் மகன் திம்மராயன் அந்தப் பள்ளியில் இலவச இடத்தில் படிக்கிறான்.
ஆகஸ்ட் பதினைந்துக்குப் பேரனே கொடியேற்றினார்.
மிட்டா தந்த மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு
பிள்ளைகள் உறுதிமொழி சொன்னார்கள்,
எல்லோரும் உடன்பிறந்தார் என்று.
அப்படீன்னா குவாரியில என் பாகம் எவ்வளவு
என்று கேட்டிருக்கிறான் பையன்.
டீச்சர் சிரித்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

ஆதார், ரேஷன் அட்டை, வோட்டர் அட்டை, எல்லாம் இணைத்தேன்.
சமூகச் சான்றிதழ் மட்டும் இல்லை.
கேட்ட மூன்று முறையும்
நீ நீதான் என்பதற்கு அத்தாட்சி என்ன என்றார்களாம்.
"மேல என்ன எழுதின?"
சமூகம்.
"அது நாங்கதானே? நாப்பது வீடு."
இல்லை. கலெக்டர்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்தாள்.

எனக்கு என்ன வந்ததோ, புதுத் தாள் எடுத்தேன்.
மேல்தொட்டகல் சமூகம்
மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக்கொள்வது.
பணிந்து என்பதை விட்டுவிட்டேன்.
இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக
என் கையெழுத்து எனக்கே அழகாகத் தெரிந்தது.

மூன்று மணிக்குச் சம்பங்கி கொண்டுவந்து போட்டான்.
சிவப்பு மையில்: உரிய படிவத்தில் இல்லை.
கிட்டம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"உன் ஆசைக்கு எழுதாத சாமி. நாலரைக்கு வண்டி."
எழுதினேன். பணிந்து. சமர்ப்பித்து.
ஐம்பது ரூபாயைத் திருப்பி நீட்டினேன்,
வாங்காமல் ஓடினாள்.

ஐந்தரைக்கு மறுபடி சம்பங்கி.
பட்டையைச் சுருட்டிப் பாலித்தீன் பைக்குள் வைத்துவிட்டு
முழங்காலைப் பிடித்தபடி என் பெஞ்சில் உட்கார்ந்தான்.
அரியர்ஸ் ரெண்டு வருஷமா நிக்குது, ஒரு மனு போடணும்.
யாருக்கு என்று ஆரம்பிக்க?
"சமூகத்துக்குன்னே போடு.
வேற மாதிரி போட்டா
அதையும் நாந்தான் திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும்."